மூன்றாம் நிலாவின் காவல்காரன்

‘நெடுவான்’ வரிசையின் ஏழாவது நாவலை, அதாவது கடைசி நாவலை, முடித்துக் கொடுத்த வாரத்தில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று குப்பைத்தொட்டியில் கொண்டுபோய் முட்டினார். மற்ற நாளாக இருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்திருக்கும். அன்றைக்கு அவள், “பரவால்ல, தொட்டிக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னாராம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதிய கடைசி அத்தியாயம் அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய வானத்துக்கும் புதிய வானத்துக்கும் நடுவே ஒரு வாசல். முதல் பாகத்திலிருந்து எதிரிகள் துரத்துவது அந்த வாசல் வழியாகத்தான். ஏழாம் பாகத்தின் முடிவில், மிச்சமிருக்கும் கப்பல்களையெல்லாம் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தளபதி தன் கையாலேயே நெம்புகோலை இழுத்து வாசலை நிரந்தரமாக மூடுகிறாள். கடைசி வரி: ‘வாசல் மூடியது. தளபதி திரும்பிப் பார்க்கவில்லை.’ இந்த வரியை எழுதிவிட்டு அக்கா தனக்குத்தானே கை கொடுத்துக்கொள்ளாத குறை. பதிப்பாளர் படித்துவிட்டு அழுதேன் என்றார். அவர் சுலபத்தில் அழுகிற ஆள்தான், ஆனாலும் இந்த அழுகை நியாயமான அழுகை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

தம்பி மட்டும் “சரி” என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புத்தக அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரில் உலகத்தில் யாரும் கிடையாது. அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் அந்த ஆள். ஒரு அத்தியாயம் அவள், அடுத்தது அவன். மனிதர்கள், சண்டைச் சச்சரவு, கண்ணீர் எல்லாம் அவள் பங்கு. பீரங்கி, இயந்திரம், எரிபொருள் எல்லாம் அவன் பங்கு. ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தின் முடிவில் யாரையாவது ஒரு ஆபத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், அடுத்தவர் எப்பாடு பட்டாவது மீட்க வேண்டும். முடிச்சுப் போட்டவர் அவிழ்க்கக் கூடாது. அடுத்து என்ன எழுதப் போகிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கவும் கூடாது. கேட்டவர், அடுத்தமுறை எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது மொத்தப் பாத்திரத்தையும் தனியாகக் கழுவ வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்த விதி, ஏழு பாகத்துக்கும் அதுவே சட்டமாகிவிட்டது.

கூட்டங்களில் பேசுவது அக்கா. தம்பிக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் ஒவ்வொரு வெளியீட்டு விழாவிலும் தவறாமல் ஒரு கதை சொல்வாள். தம்பிக்கு ஆறு வயதிருக்கும்போது ரயில் நிலையத்தில் அவனை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போனாள். வீட்டுக்கு இரண்டு வண்டியில் போனார்கள். அப்பா வண்டியில் இருக்கிறான் என்று இவளும், இவள் வண்டியில் இருக்கிறான் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார்கள். வீடு வந்து பார்த்தால் பையனைக் காணோம். அப்பா அலறி அடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். பையன் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வா என்றால் வரமாட்டேன் என்கிறான். அக்கா வரட்டும் என்கிறான். தூக்கப் போனால் தூணை விடவில்லை. கடைசியில் அப்பா மறுபடி வீட்டுக்கு வந்து, இவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் பையன் அசைந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தம்பியும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து சிரிப்பான்.

அப்படிப்பட்டவன் “சரி” என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? பொறாமைதான் என்று அக்கா முடிவு கட்டினாள். கடைசி அத்தியாயம் அவள் பங்காக வந்துவிட்டதில் அவனுக்கு உள்ளுக்குள் புகைகிறது. ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பல் டாக்டர். சாதுவான மனிதர். கல்யாணமான நாளிலிருந்து மனைவி எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நட்சத்திரத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்பார். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்த பிறகு அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. முதல் பாகத்தில் ஆரம்பித்து, அச்சுக்குப் போயிருந்த ஏழாம் பாகத்தின் கணினிப் பிரதி வரைக்கும் ஒரே மூச்சில் படித்தார். பல் டாக்டர் அல்லவா, ஒரு வரி விடாமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் படித்தார்.

அன்று மதியம் அவருக்குக் கட்டிலில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் நிமிரும்போது கேட்டார்.

“முடிச்சிட்டேன். பிரமாதம். அது சரி, அந்தக் காவல்காரன் என்னானான்?”

“எந்தக் காவல்காரன்?”

“ரெண்டாம் பாகத்துல மூணாம் நிலாவுல சிக்னல் கோபுரத்துக்குக் காவல் வச்சீங்களே. ‘நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு’ன்னு தளபதி சொல்லிட்டுப் போறா. அவன்தான்.”

அக்கா யோசித்தாள். லேசாக ஞாபகம் வந்தது. அது அவள் எழுதிய அத்தியாயம். அந்த வரியோடுதான் முடித்திருந்தாள். “அது நான் போட்ட முடிச்சு. அடுத்த அத்தியாயத்துல தம்பி அவிழ்த்திருப்பான். காவல்காரன் ஏதாவது சண்டையில செத்துப்போயிருப்பான். மோர் வேணுமா?”

“சாகலயே. அடுத்த அத்தியாயத்துல எதிரி வந்துடறான், கப்பல் கிளம்பிடுது, இவன் அங்கயே நிக்கறான். அதுக்கப்புறம் ஒவ்வொரு பாகத்துலயும் உன் தம்பி எழுதற சண்டைக்கு நடுவுல ஒரு வரி வருதே, நீ கவனிக்கலயா?”

அவள் கவனிக்கவில்லை. யாரிடமும் சொல்லாத ரகசியம் ஒன்று அவளிடம் இருந்தது. தம்பி எழுதும் சண்டைகளை அவள் ஒழுங்காகப் படிப்பதே இல்லை. பீரங்கி வெடிக்க ஆரம்பித்ததும் பக்கத்தைப் புரட்டி, கடைசியில் யாரை எந்தக் குழியில் தள்ளியிருக்கிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து தன் வேலையைத் தொடங்கிவிடுவாள். ஆயிரக்கணக்கான வாசகர்களும் அப்படித்தான் படித்தார்களோ என்னவோ. பாகத்துக்குப் பாகம் வருடக்கணக்கில் இடைவெளி வேறு. யாருக்கு ஞாபகம் இருக்கும்?

டாக்டர் தலையணைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மூன்றாம் பாகத்தில், இரண்டு கப்பல்கள் மோதிச் சிதறும் இடத்தில்: ‘தொலைவில் மூன்றாம் நிலாவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’ நான்காம் பாகத்தில், எதிரியின் உளவுக்கலம் பறந்து போகும்போது: ‘சிக்னல் கோபுரத்தின் அடியில் யாரோ செடி வளர்த்திருந்தார்கள்.’ ஐந்தில் மறுபடி விளக்கு. ஆறில் விளக்கு. ஏழின் கணினிப் பிரதியில், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், எல்லாக் கப்பல்களும் வாசலுக்குள் நுழையும் அமளியில்: ‘மூன்றாம் நிலாவில் விளக்கு இன்னும் எரிந்தது.’

“அவன் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு செடி வரைக்கும் போட்டு வச்சிருக்கான் உன் தம்பி” என்றார் டாக்டர். “நான்கூட என்ன நினைச்சேன்னா, கடைசிப் பாகத்துல தளபதி போய்க் கூட்டிட்டு வரப் போறா, அதுக்குத்தான் இவ்வளவு நாள் காக்க வச்சிருக்கீங்கன்னு. பார்த்தா வாசலையே மூடிட்டா.”

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ‘தளபதி திரும்பிப் பார்க்கவில்லை.’ நேற்றுவரை கம்பீரமாக இருந்த வரி இப்போது பார்க்கவே சகிக்கவில்லை. ஒருத்தனை நிற்க வைத்துவிட்டு, அவன் நிற்கிற பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறவள் என்ன தளபதி? எந்தப் பாகத்தைப் புரட்டினாலும் ‘என் ஆள் ஒருத்தரையும் விட்டுட்டுப் போகமாட்டேன்’ என்று முழங்குகிறவள் அல்லவா அவள்?

அதைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது. தம்பி மறக்கவில்லை. அவன் ஒவ்வொரு பாகத்திலும் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பொறாமையாம், புகைச்சலாம்! அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஜென்மம் இல்லை அவள். உடனே பதிப்பாளருக்குப் போன் போட்டாள்.

“அச்சை நிறுத்துங்க.”

“அம்மா, விளையாடாதீங்க. நாளைக்குக் காலையில மெஷின் ஏறுது. பேப்பர் வந்து இறங்கிடுச்சு.”

“ஏறட்டும். கடைசி அத்தியாயம் மட்டும் வேற. காலையில மெஷின் ஓடறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கும்.”

“நான் அழுதேனேம்மா அதுக்கு!”

“இதுக்கு இன்னும் நல்லா அழுவீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குக் காலடியில் எப்போதும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிக்க அவள் யாரையும் அனுமதி கேட்டதில்லை.

தம்பிக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. அன்று ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் இருந்தான். லிஃப்ட் ஓடாததால் அக்கா மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினாள். பாதி வழியில் நின்று, ஏழு பாகத்தையும் தளபதியையும் மனதாரத் திட்டிவிட்டு மறுபடி ஏறினாள். இயந்திர அறையில் கிரீஸ் வாசனை. பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, ஆச்சரியமா இருக்கு. மாமாவுக்குக் கால் எப்படி இருக்கு?”

“அவரு கால் நல்லாத்தான் இருக்கு, என் கால்தான் போச்சு.” அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு அடங்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. “காவல்காரன் அங்கயே நிக்கறான்.”

தம்பி டீயைக் கீழே வைத்தான். “மாமா சொன்னாரா?”

“ஆமா. எனக்கு நீ ஏன்டா சொல்லல?”

“கேட்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? பாத்திரம் நான்தானே கழுவணும்.”

“சும்மா இரு. ரெண்டாம் பாகத்துலயே நீ அவனை மீட்டிருக்கணும். நான் போட்ட முடிச்சு, நீ அவிழ்க்கணும். அதுதானே விதி?”

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “அது முடிச்சு இல்லக்கா. நான் வர்ற வரைக்கும் நில்லுன்னு சொன்னது தளபதி. வேற ஒருத்தன் போய் வான்னு கூப்பிட்டா அவன் எப்படி வருவான்? நான் எழுதிப் பார்த்தேன். துணைத்தளபதியை அனுப்பினேன். காவல்காரன் வரமாட்டேன்னுட்டான். கிழிச்சுப் போட்டுட்டேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தூணைக் கட்டிக்கொண்டு நின்ற பயல் கண்முன்னால் வந்து நின்றான்.

“இப்பக் கூட, அச்சுக்குப் போற வரைக்கும் வாயைத் திறக்கலயே நீ. நான் வராமலே போயிருந்தா?”

“நீ வந்துட்டியே” என்றான் தம்பி. அதில் குத்தலே இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அக்கா பார்வையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். மின்சாரப் பெட்டியின் கைப்பிடியில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

“இது என்ன, ஒரு பெட்டிக்கு ரெண்டு பூட்டு?”

“கீழ லிஃப்ட் குழிக்குள்ள ரெண்டு பேர் வேலை பார்க்கறாங்க. இறங்கறவன் எவனா இருந்தாலும் தன் பூட்டைப் போட்டுட்டு, சாவியைத் தன் பையில வச்சுட்டுத்தான் இறங்குவான். போட்டவன் மேல வந்து தன் கையால எடுத்தாத்தான் கரண்ட் போட முடியும். மேனேஜர் கத்தட்டும், ஓனரே வரட்டும், ஒண்ணும் நடக்காது. ஆளு வெளிய வந்தாத்தான் லிஃப்ட் ஓடும்.”

அக்கா பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள்.

“டேய், வாசலை மூடற நெம்புகோலுக்குப் பூட்டு மாட்டற மாதிரி ஒரு துளை இருக்குமா?”

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. “இல்லாம? இயந்திரம் என் பங்கு. இருக்குன்னு எழுதிடுவேன்.”

“தளபதி தன் பூட்டை அதுல மாட்டிட்டுச் சாவியோட அந்தப் பக்கம் போறா. அவ வர்ற வரைக்கும் ஒருத்தனும் வாசலை மூட முடியாது. ஆனா எதிரிப்படை வந்துகிட்டே இருக்கே?”

“அதை நான் பார்த்துக்கறேன். நீ போய்க் கூட்டிட்டு வா.”

முடிச்சுப் போட்டவரே அவிழ்க்கும் முதல் அத்தியாயம் அப்படித்தான் அந்த இயந்திர அறையில் ஆரம்பித்தது. தன் அருமையான கடைசி வரியை அழிக்கும்போது அக்காவின் விரல் ஒரு கணம் தயங்கியது உண்மை. ஒரே ஒரு கணம்தான். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் துடைத்துப் போட்டுவிட்டு எழுதினாள். தளபதி பூட்டை மாட்டுகிறாள். ஒரு ஆளுக்காக மொத்தப் படையையும் பணயம் வைப்பதா என்று மூத்த தளபதிகள் குதிக்கிறார்கள். “அந்த ஒரு ஆளை நான்தான் நிக்கச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுச் சின்னக் கலத்தில் ஏறி உட்காருகிறாள்.

தம்பி தன் கைபேசியிலேயே எதிரியைத் தடுக்கும் சண்டையை எழுதினான். நடுவில் குழிக்குள் இருந்தவர்கள் மேலே வந்து, ஆளுக்கொரு பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலில் யாரோ ஒரு அம்மாவும் ஒரு ஸ்டூலில் தங்கள் மேஸ்திரியும் வாயே திறக்காமல் தட்டிக்கொண்டிருப்பதை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அவன் அனுப்பிய சண்டையை அக்கா இந்தமுறை ஒரு வரி விடாமல் படித்தாள். பழுதான மூன்று கப்பல்கள் வாசலின் குறுக்கே தங்களை நிறுத்திக்கொண்டு, இருக்கும் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுடுகின்றன. சுடுகிறவர்களில் ஒருவனுக்குப் பயத்தில் விக்கல் எடுக்கிறது. விக்கிக்கொண்டே குறி பார்க்கிறான். இத்தனை வருஷமாக இவன் இவ்வளவு நன்றாகவா எழுதிக்கொண்டிருந்தான்?

“நல்லா இருக்குடா” என்றாள்.

“முழுசாப் படிச்சியா?” என்று கேட்டான் அவன். அவளுடைய ரகசியம் அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

“படிச்சேன். இனிமே பழசையும் படிக்கறேன். பேசாம எழுது.”

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தளபதி மூன்றாம் நிலாவில் இறங்கிவிட்டாள். கோபுரத்தடியில் செடிகள். ஒடுக்குவிழுந்த கவசத்தோடு, நரைத்த தாடியோடு, நிறுத்திய இடத்திலேயே காவல்காரன் நிற்கிறான். தளபதி அவனுக்கு எதிரே போய் நிற்கிறாள். அதோடு அக்கா கையை எடுத்துவிட்டாள். முதலில் பேச வேண்டியது காவல்காரன். அவன் என்ன சொல்வான் என்று அவளால் எழுத முடியாது. கோபித்துக்கொள்வானா, அழுவானா, ஏன் இவ்வளவு நேரம் என்பானா?

மடிக்கணினியைத் தம்பியின் மடியில் வைத்தாள். “அவன் என்ன சொல்றான்னு நீதான் எழுதணும்.”

தம்பி யோசிக்கவே இல்லை. என்றைக்கோ தயார் செய்து வைத்திருந்ததைப்போல ஒரே வரியைத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

‘“வந்துட்டீங்களா தளபதி? விளக்கை அணைச்சிடட்டுமா?”’

அக்காவால் உடனே எழுத முடியவில்லை. திரை கலங்கலாகத் தெரிந்தது. தம்பி ஒன்றும் கேட்காமல் மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் குடித்தாள், மூக்கை உறிஞ்சினாள், சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏழு பாகத்தின் கடைசி வரி அவள் பங்கு.

‘“அணைச்சிட்டு வா” என்றாள் தளபதி. “நீ வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்.”’